முதல் மடக்கு

பிரமநாயகத்தின் எச்சிலுக்கு வீட்டில் வரிசை நின்றது.

காலையில் காபிக்கு முன்னால் அவர் சாப்பாட்டு மேசையின் தலைமாட்டு நாற்காலியில் வந்து உட்காருவார். சம்பந்தியம்மா வடிவு வெள்ளித் தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். மேலே ஒரு சின்னத் தட்டு மூடியிருக்கும். அவர் தட்டை எடுத்துவிட்டு, உதடு நன்றாகப் படும்படி ஒரு மடக்கு குடித்துத் தம்ளரை நீட்டுவார். மகன் உலகநாதன் வாங்கி ஒரு மடக்கு. மருமகள் சுபாஷினி ஒரு மடக்கு. கடைசியில் வடிவு, மகளின் கையிலிருந்து வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு மடக்கு. கோயிலில் தீர்த்தம் வாங்குகிற பயபக்தி எல்லார் முகத்திலும் இருக்கும்.

அண்ணாந்து குடித்தே பழகிய குடும்பம் அது. தம்ளரில் வாய் வைத்தால் பிரமநாயகத்தின் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். போன வருஷம் வரைக்கும் அவருடைய தட்டும் தம்ளரும் தனியாகத்தான் கழுவப்பட்டன. இருமல்காரக் கிழவன், அவரும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது அந்தக் கிழவனின் எச்சில்தான் வீட்டுக்கு மருந்து.

இதில் சங்கடம் ஒன்றே ஒன்றுதான். பிரமநாயகம் ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

உலர்காய்ச்சல் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அதுவும் மற்றக் காய்ச்சல்களைப் போல வந்து போகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முதலில் தொண்டை வறளும், பிறகு மூச்சே வறண்டுபோகும். முதலில் வந்த தடுப்பூசிகள் எதுவும் அதன்முன் நிற்கவில்லை. அப்புறம்தான் இந்த ஊற்று ஊசி வந்தது. அரசாங்கம் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்தது. ஜனங்கள் ஒரே நாளில் அதை எச்சில் ஊசி என்று சுருக்கிவிட்டார்கள்.

சுபாஷினிக்கு ஆம்புலன்ஸில் வேலை. காய்ச்சல்காரர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போட்டு, மூக்கில் குழாயை மாட்டி, ஆஸ்பத்திரி போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள் அவள்தான். அந்த ஊசியின் சங்கதியை வீட்டில் விளக்கினவளும் அவளே. ராத்திரிச் சாப்பாட்டில் மூன்று பேரும் இருந்தார்கள், வடிவு மட்டும் அடுப்படியில்.

"மாமா காலத்துல எல்லாரும் ஆத்துத் தண்ணி, குளத்துத் தண்ணிதான குடிச்சாவ. அதுல ஒரு கிருமி உண்டாம். ஒண்ணும் செய்யாது, தொண்டையிலயே குடியிருக்கும். இந்த மருந்து போய் அந்தக் கிருமியப் பழக்கிருது. அதுக்கப்புறம் எச்சியில மருந்து ஊறிக்கிட்டே இருக்கும்."

"அப்ப நமக்கு?" என்றான் உலகநாதன்.

"நம்மளது கேன் தண்ணி குடிச்ச தொண்டை. அந்தக் கிருமியே கிடையாது. நமக்குப் போட்டா ஊசி வீண். போட்டுக்கிட்ட பெரியவங்க வாய் வச்ச தண்ணிய நாம ஒரு மடக்குக் குடிக்கணும். ஒரு நாள் தாங்குமாம். மறுநாள் மறுபடியும்."

"எச்சியவா?" உலகநாதன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"நான் வண்டியில ஏத்துத ஆளுகள ஒரு தடவ பாத்திய்யன்னா, எச்சி என்ன, எத வேணாலும் குடிப்பிய."

மருந்து குறைவு. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரே ஊசி. கார்டில் பெயர் உள்ள பெரியவர் யாராவது ஒருவருக்கு. இந்தக் கார்டில் பெரியவர்கள் இரண்டு பேர். வடிவு புருஷன் போனபிறகு அம்பாசமுத்திரத்து வீட்டை விற்றுவிட்டு மகளோடு வந்துவிட்டவள். அவள் பெயரையும் இந்தக் கார்டில்தான் சேர்த்திருந்தார்கள்.

"அம்மாவுக்குப் போட்டுருவமா?" என்று சுபா மெதுவாகத்தான் கேட்டாள். "அம்மாவுக்கு சீக்கு ஒண்ணும் கிடையாது. மாமாவுக்கு இருமல் வேற இருக்கு, ஊசி தொண்டையில போடணும்..."

பிரமநாயகத்துக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இந்த கார்டுல மொதப் பேரு யாரோடது?"

உலகநாதன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"நான் இருக்கும்போது சம்பந்தியம்மா எச்சியக் குடிச்சா இந்த வீடு பொழைக்கணும்? நாளைக்கு நாலு பேரு என்னைய என்ன கேப்பான்? அதக் குடிக்கதுக்குக் காய்ச்சல்லயே போயிரலாம்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் வடிவு மோர்ச் சட்டியோடு வெளியே வந்து, அவர் தட்டுக்குத்தான் முதலில் ஊற்றினாள். "அண்ணாச்சி சொல்லுததுதான் சரி சுபா. அவுகதான பெரியவுக," என்றாள்.

அவர் அந்த மோரை ருசித்துக் குடித்தார். பின்னால் அந்த ராத்திரியை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மோரின் ருசிதான், நினைத்தால் காது சுடும்.

முகாம் நடந்தது அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில். பிரமநாயகம் அங்கே பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஊசிக்காரர்கள் வந்தால் பையன்களை உயர வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவன் கையையும் பிடித்துக் கொடுப்பது அவர்தான். அழுகிறவனைக் கொடிக்கம்பத்தைச் சுற்றி ஓடவிடுவார். ஓடிவிட்டு வந்து வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். "பயந்தவன் எடம் கடைசி எடம்லே" என்று அவர் கத்துவது பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டதால் துணைக்கு வடிவு வந்திருந்தாள். நாற்காலிகளில் கிழவர்களும் கிழவிகளும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவருக்கு முன்னால் இருந்த அம்மாளின் முறை வந்தது. நர்ஸ் அவள் தாடையை நிமிர்த்திப் பிடித்தாள். கழுத்துச் சதை இழுபட்டது. ஊசி நீளமாக இருந்தது, அது தாடைக்குக் கீழே போவதை அவர் முழுதாகப் பார்த்தார்.

காரணம் என்று ஏதாவது இருந்திருந்தால் பின்னால் அதைச் சொல்லியாவது அவர் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். மனைவி ஊசியில் செத்தாள், சின்ன வயதில் ஒரு டாக்டர் தப்பாகக் குத்தினார், அப்படி ஒன்றும் கிடையாது. வெறும் பயம். கார்டையும் டோக்கனையும் நாற்காலியிலேயே வைத்துவிட்டு, "கக்கூஸுக்குப் போயிட்டு வந்திருதேன்" என்று வடிவிடம் சொல்லி எழுந்தார். சத்துணவுக்கூடத்துப் பின்பக்கமாக மைதானத்துக்குப் போய், கொடிக்கம்பத்துப் பக்கம் போக வெட்கப்பட்டு, சுற்றுச்சுவர் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது வடிவு வாசல் கேட்டில் நின்றாள். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். நல்ல வெயில்.

"முடிஞ்சுது," என்றார் அவர், வாய் கூசாமல். "கூட்டமா இருக்குன்னு பின்வாசல் வழியா விட்டுட்டான்."

வடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். "வலிச்சுதா அண்ணாச்சி?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

"அப்படித்தான் இருக்கும்," என்றாள். ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

போகிற வழியில் மருந்துக்கடையில் இறங்கி, தலைவலி மாத்திரை என்று சொல்லி, ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்று வாங்கினார். வீட்டுக் குளியலறையில் கண்ணாடி பார்த்து அதைத் தாடைக்குக் கீழே ஒட்டிக்கொண்டார். எப்படியும் சாயங்காலத்துக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும், உலகநாதன் போனுக்குத் தகவல் வராது, அப்போது ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் சாயங்காலம் உலகநாதன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். 'உங்கள் குடும்ப அட்டைக்கான ஊற்றுத் தடுப்பூசி செலுத்தப்பட்டது. நன்றி.'

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டோக்கன் கொடுத்தாலே போட்டதாகப் பதிந்துவிடுகிறார்கள் போல என்று தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டார். அரசாங்கத்துக் கம்ப்யூட்டரின் அவசரம் அவர் மானத்தைக் காப்பாற்றியது. அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போட்டுக்கொண்டவர்களுக்கெல்லாம் தொண்டை கட்டிக்கொண்டது. அவரும் கம்மலாகப் பேசினார். வடிவு உப்புத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். மிச்சத்தில் அவளும் கொப்பளித்தாள். "தூசி, அண்ணாச்சி," என்றாள். ஒரு வாரம் கழிந்ததும் வெள்ளித் தம்ளர் பரணிலிருந்து இறங்கியது, வரிசை ஆரம்பமாயிற்று.

இப்படி ஒரு மரியாதையை அவர் தலைமையாசிரியர் கையால் பொன்னாடை வாங்கினபோதுகூடக் கண்டதில்லை. மகன் ஆபீஸ் போகுமுன் சொல்லிக்கொண்டு போனான். சுபா பலகாரத்தை முதலில் அவருக்கு எடுத்துவைத்தாள். ஒருநாள் சீருடையோடு வந்து, தம்ளரில் குடித்துவிட்டு, சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"நேத்து வண்டியில ஒரு அம்மா என் மொகத்துலயே இருமிட்டா மாமா. மொதல்லன்னா அழுதிருப்பேன். வீட்டுல நீங்க இருக்கியல்லா, அந்தத் தைரியத்துலதான் வண்டியில ஏறுதேன்."

அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார். நிஜமாகவே திறந்தார். தொண்டை வரைக்கும் வந்தது. சுபா ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டாள், வேண்டுமானால் கூப்பிட்டிருக்கலாம். அவர் கூப்பிடவில்லை. அவளை அந்த வண்டிக்குள் ஏற்றி அனுப்பியது தன்னுடைய பொய்தான் என்பது தெரிந்தே, வாசலில் நின்று கையாட்டினார். அந்தக் கையை வெட்டிப் போட்டால்கூடத் தகும் என்று அப்போதே தோன்றியது.

அவள் திரும்பி வரும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. வந்ததும் முகத்தைப் பார்ப்பார், இருமுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். அவளுக்கு ஒன்றும் வரவில்லை, வீட்டில் யாருக்குமே வரவில்லை. எதிர்வீட்டில் விழுந்தார்கள், மாடியில் விழுந்தார்கள், இந்த வீட்டில் ஒரு தும்மல்கூட இல்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தார். நாள் ஆக ஆக, நம் உடம்பிலேயே ஏதோ இருக்கிறதோ, ஊசி இல்லாமலே ஊறுகிறதோ என்றுகூட ஒரு அசட்டு எண்ணம் தலைகாட்டியது.

காலனி வாசலில் வேப்பமரத்தடியில் மாடக்கண்ணுவின் இஸ்திரி வண்டி. அவனும் மனைவி செல்லத்தாயும் ஆளுக்கு ஒரு பெட்டியாகத் தேய்ப்பார்கள். இரண்டு பேருக்கும் பெரியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. கார்டில் ஊசி வாங்கித் தர ஆள் இல்லை. பிரமநாயகம் நடைப்பயிற்சி முடிந்து தண்ணீர் பாட்டிலோடு வரும்போது ஒருநாள் மாடக்கண்ணு கரியை விசிறிக்கொண்டே கேட்டான்.

"சார், கேக்கக் கூடாது. ஒங்க வீட்டுல ஊத்து இருக்குல்லா. எனக்கு ஒரு வாய் கிடைக்குமா? காய்ச்சக்காரங்க துணியும் வருது, எது எவன் துணின்னு தெரிய மாட்டேங்கு."

செல்லத்தாய் அன்றைக்கு வண்டியில் இல்லை. அந்த நேரத்தில் அவள் துணி கொடுக்கப் போய்விடுவாள்.

இல்லை என்று சொல்ல ஆயிரம் வழி இருந்தது. வீட்டுக்கு வா, தம்ளரில் தருகிறேன் என்றிருக்கலாம். ஆனால் மாடக்கண்ணு கையைக் குவித்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பெரிய மனுஷனாக நிற்கிற சுகம் அந்த வயதிலும் விடுவதாக இல்லை. பிரமநாயகம் பாட்டிலில் வாய் வைத்து ஒரு மடக்கு குடித்துவிட்டு, பாட்டிலை அவன் கையில் கொடுத்தார்.

"தெனமும் இந்த நேரம் வருவேன், நில்லு," என்றார்.

மாடக்கண்ணு தினமும் நின்றான். தண்ணீரைக் குடித்துவிட்டு முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தான். கரிச்சூட்டுக்கு முன்னால் அது பெரிய உபத்திரவம், இனி எதற்கு என்று சிரித்தான். அடுத்த மாதம் அவனை ஏற்றிக்கொண்டு போனது சுபாவின் வண்டிதான்.

அவள் வீட்டுக்கு வந்து கைகழுவும் தொட்டியிலேயே வெகுநேரம் நின்றாள். "இஸ்திரிக் கடை அண்ணன் போயிட்டாரு மாமா. பாதி வழியில. நான் ஊத்துத் தண்ணி குடிக்கேன், எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. யாருதக் குடிச்சாரோ தெரியல. சில பேருக்கு நிக்காது போல."

பிரமநாயகம் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. 'ஏன் மாடக்கண்ணு மட்டும்?' என்று மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது. அதே எச்சில்தானே வீட்டிலும்? கேள்வியைத் தொடர்ந்து போகத் தெம்பில்லை. ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டோம் என்பதற்குமேல் அவர் மனசில் எதுவும் ஏறவில்லை. காரியத்துக்குப் போனவர் செல்லத்தாயின் முகத்தைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். பிறகு நடைப்பயிற்சிக்குப் பின்பக்கத்து வழியாகப் போக ஆரம்பித்தார்.

கொஞ்ச நாளில் சுகாதாரத் துறையிலிருந்து சோதனைக்கு வந்தார்கள். சில பேருக்கு ஊற்று வற்றிவிடுகிறதாம். ஊசி போட்டவர்கள் எல்லாரும் காலனிச் சங்கத்துக் கொட்டகைக்கு வந்து நாக்கைக் காட்ட வேண்டும். ஒரு பட்டையை நாக்கில் வைப்பார்கள், நிறம் மாறும், அவ்வளவுதான்.

அதைக் கேட்டபோது பிரமநாயகத்துக்குப் பயத்தைவிட ஒரு விடுதலைதான் தோன்றியது. வாயால் சொல்ல முடியாததை அந்தப் பட்டை சொல்லிவிடும். வெள்ளையாகவே இருக்கும். ஊசியே போடவில்லையா சார் என்று கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். கடைசி வரைக்கும் கோழையாகவே இருக்க இப்படி ஒரு வசதி கிடைத்ததே என்று நினைத்து, அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டு, காலையில் வழக்கம்போலத் தம்ளர்த் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

பட்டை வைத்த பெண்ணுக்குச் சுபா வயதுகூட இருக்காது. பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"சார், நீங்க ஊற்று இல்லையே."

"ஆமா," என்றார் பிரமநாயகம். தயாராகத்தான் வந்திருந்தார். "எனக்கு—"

"நீங்க ஊத்துத் தண்ணி வாங்கிக் குடிக்க ஆளு. வெளிர்நீலம் வந்திருக்கு பாருங்க. ஊற்றுன்னா கருநீலமா வரணும், அவங்க எச்சிதான் மத்தவங்களுக்கு உதவும். ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு வெள்ளையாவே இருக்கும்."

அவருக்குப் புரியவில்லை. "வெள்ளையா இல்லையா?"

"இல்லையே, நல்லா நீலமா இருக்கு. காலையில ஊத்துத் தண்ணி குடிச்சியளா?"

"குடிச்சேன். ஆனா நான்தாம்மா மொதல்ல குடிப்பேன். எனக்கப்புறம்தான் மத்தவங்க."

அந்தப் பெண் சிரித்தாள். "அப்படின்னா ஒங்களுக்கு முன்னால ஒருத்தங்க குடிச்சிருக்காங்க சார். வீட்டுல வேற பெரியவங்க இருக்காங்களா? கார்டுல ஊசி போட்டதா இருக்கு, அவங்கள வரச்சொல்லுங்க. ஆள மாத்தி வந்துட்டிய."

பிரமநாயகம் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். மூடி வைத்த தம்ளர். வெயிலில் கழுத்தைச் சுற்றிய முந்தானை. தூசி, அண்ணாச்சி. நாற்காலியில் அவர் விட்டுவிட்டு ஓடின டோக்கன். கம்ப்யூட்டர் ஒன்றும் அவசரப்படவில்லை; அது சரியாகத்தான் எழுதியிருக்கிறது.

வடிவு அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மற்ற இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் அடுப்படி நிலையைத் தாண்டி உள்ளே போவது வழக்கமில்லை, அன்றைக்குப் போனார். வடிவு பதறி எழுந்தாள்.

"ஒங்களச் சோதனைக்கு வரச்சொன்னாங்க," என்றார்.

அவள் கையிலிருந்த கீரை முறத்தில் விழுந்தது. முகம் வெளிறிவிட்டது. அவர் எதிர்பார்த்தது வேறு: ஒரு ஏளனம், ஒரு கோபம், குறைந்தபட்சம் ஒரு பெருமூச்சு. வடிவு இரண்டு கையையும் கூப்பினாள்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. சம்பந்தி வீட்டு ஆம்பளைக்கு எச்சித் தண்ணி குடுத்த பாவி நான். நீங்க அன்னைக்கு அப்படிச் சொன்னதுக்கப்புறமும் குடுத்தேன். தெனமும் சாமிகிட்டச் சொல்லிட்டுத்தான் வாய் வைப்பேன்."

காய்ச்சலில் போனாலும் போவேன், அதைக் குடிக்க மாட்டேன் என்று சொன்ன வாய் அவருடையது. அந்த வாய்க்குள்தான் அவள் இத்தனை நாளும் உயிரை ஊற்றியிருக்கிறாள், அதற்கு மன்னிப்பும் கேட்கிறாள். அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"நான் ஓடிட்டேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஒங்க பேர விளிச்சாவ. நீங்க வரல. எந்திரிச்சுப் போய்ச் சன்னல் வழியாப் பாத்தேன், மைதானத்துல சுவரோரமா நடந்துக்கிட்டிருந்திய. மறுபடியும் நம்பர விளிச்சாவ. விட்டுட்டா கார்டுக்கு ஊசி போயிரும். சுபா அந்த வண்டியில ஏறுதா. போய் ஒக்காந்துட்டேன்."

"பெறகாவது சொல்லிருக்கலாம்லா."

"வாசல்ல வந்து நீங்க முடிஞ்சுதுன்னு சொன்னிய. அதுக்குமேல நான் என்னன்னு சொல்ல? மகன் முன்னால, மருமக முன்னால ஒங்க தல குனியணுமா? நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன். சொல்லல. சரி, வீட்டுக்குள்ளதான, வாய் வச்சு வாய் வச்சுக் கொண்டுபோயிரலாம்னு நெனச்சேன்." பிறகு தணிந்த குரலில், "வீட்டுல யாருக்கும் ஒண்ணும் வரலல்லா அண்ணாச்சி," என்றாள்.

"வீட்டுல வரல," என்றார் பிரமநாயகம்.

மாடக்கண்ணுவின் கதையை நின்றுகொண்டே சொன்னார். கையைக் குவித்தது, பார்த்துக்கொண்டு நின்ற ஆட்கள், பாட்டில், முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவன் சிரித்தது. எதையும் பூசி மெழுகவில்லை. வடிவு கேட்டுக்கொண்டே வந்தவள், பாதியில் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ அண்ணாச்சி," என்றாள். "அந்தப் பாட்டில்ல நான் வாய் வைக்கலையே."

தன்னைக் குற்றம் சொல்வாள் என்றுதான் அவர் நின்றிருந்தார். அந்தச் சாவில் தனக்கும் பங்கு தேடிக்கொண்டு தரையில் இருந்தாள் அவள். பிரமநாயகம் வாழ்நாளில் முதல்தடவையாக இன்னொருவர் முன்னால் அழுதார். வடிவு தலையைத் திருப்பிக்கொண்டாள், அவர் அழுது முடிக்கும்வரை.

"சுபாவுக்குத் தெரியாண்டாம்," என்றாள் கடைசியில். "இப்படியே போவட்டும். ஒங்க மரியாதை ஒங்களோட இருக்கட்டும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படியை விட்டு வெளியே வந்தார்.

மறுநாள் காலையில் வடிவு மூடின தம்ளரைக் கொண்டுவந்து தலைமாட்டு நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். நாற்காலி காலியாக இருந்தது. பிரமநாயகம் மேசையின் அந்தக் கோடியில், எல்லாருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா அங்க போய் நிக்கிய?" என்றான் உலகநாதன்.

"அங்க ஒங்க அத்தய ஒக்காரச் சொல்லு."

"மாமா?" என்றாள் சுபா.

"ஊசி போட்டது ஒங்க அம்மா. நான் பயந்து ஓடிட்டேன். இம்புட்டு நாளும் எல்லாரும் குடிச்சது ஒங்க அம்மா வாய் வச்ச தண்ணி. நானும் அதத்தான் குடிச்சேன்." மைதானத்துக்கே கேட்கிற குரல் அவருடையது; இப்போது மேசையின் மறுகோடிக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

உலகநாதன் அப்பாவைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான், பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டான். வடிவு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். சுபா மட்டும் அசையாமல் நின்றாள். அவளுக்குள் ஏதோ கணக்கு ஓடுவது அவருக்குத் தெரிந்தது. அது எங்கே போய் நிற்கும் என்பதும் தெரிந்தது.

"இஸ்திரிக் கடை அண்ணன் குடிச்சது?" என்றாள்.

"என் பாட்டில்ல."

சுபா அம்மாவின் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். தம்ளரை எடுத்துக் கொடுத்தாள். அம்மா குடித்ததும் வாங்கிக் குடித்தாள், புருஷனிடம் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினான். அதைச் சுபாவே வாங்கி, மாமனார் கையில் கொடுக்காமல், மேசைமேல் வைத்தாள். ஷூவை மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் வேலைக்குப் போனாள். இது சரிதான் என்று பிரமநாயகத்துக்குத் தோன்றியது. இதைவிடக் குறைவாக எதுவும் நடந்திருந்தால்தான் தப்பு.

தம்ளரில் பாதித் தண்ணீர் மிச்சமிருந்தது. வடிவு அதை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். "குடிங்க அண்ணாச்சி. ஒங்களுக்கு இருமல் வேற."

அவர் தம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை. தட்டைப் போட்டு மூடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பின்பக்கத்து வழியை விட்டுவிட்டு, வாசல் வழியாகவே போனார்.

வேப்பமரத்தடியில் செல்லத்தாய் தனியாகப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாள். மாடக்கண்ணுவின் பெட்டி வண்டிக்கு அடியில் சாம்பல் பூத்துக் கிடந்தது. முகக்கவசம் கட்டியிருந்தாள், அவரைக் கண்டதும் கண் சிரித்தது.

"வாங்க சார். ரொம்ப நாளா இந்தப் பக்கம் காணும். அவரு ஒங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு, சார் தெனமும் தண்ணி தாராவன்னு."

பிரமநாயகம் தட்டை எடுத்துவிட்டுத் தம்ளரை நீட்டினார்.

"இதக் குடிச்சிரு தாயி," என்றார். "இது என் எச்சி இல்ல, நல்ல தண்ணி. மொதல்ல குடிச்சிரு. நான் ஒண்ணு சொல்லணும், அதக் கேட்டப்புறம் நீ என் கையால எதுவும் வாங்க மாட்ட."